கைக்கு வந்து சேராத கடிதம்
காணாமற்போன தபாலைத் தேடுவோர் அறிய வேண்டியவை



அரபு நாட்டிலிருந்து வரும் கடிதத்துக்காகத் தெருமுனையில் தபால்காரரை எதிர்பார்த்து நின்ற காலம் நம் வீடுகளில் மறைந்துவிட்டது. இன்று சஃபர் போன பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியிலேயே தாயார் பார்த்துவிடுகிறார். ஆகவே, "கடிதம் தொலைந்தால் என்ன? நாங்கள்தான் கடிதமே எழுதுவதில்லையே!" என்று நீங்கள் எண்ணக்கூடும்.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். உங்கள் மகனின் பாஸ்போர்ட் எதன் வழியாக வருகிறது? வங்கியின் ஏ.டி.எம். அட்டை, ஆதார் அட்டை, வாக்காளர் அடையாள அட்டை, வருமான வரித்துறையின் பான் அட்டை, நீதிமன்ற அறிவிப்பு, அரசு வேலைக்கான நியமன ஆணை ஆகியவை எதன் வழியாக வருகின்றன? தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி இறுதியிலிருந்து ஓட்டுநர் உரிமமும் வாகனப் பதிவுச் சான்றும்கூட விரைவு அஞ்சலில்தான் வீட்டுக்கு அனுப்பப்படுகின்றன. நலம் விசாரிக்கும் கடிதங்கள் குறைந்துவிட்டன என்பது உண்மை. ஆனால், வாழ்க்கையின் போக்கையே மாற்றவல்ல கடிதங்கள் இன்னும் தபாலில்தான் வருகின்றன. அன்று ஒரு கடிதம் தொலைந்தால் அடுத்த கடிதம் அந்தக் குறையைத் தீர்த்துவிடும். இன்று தொலைவதோ பெரும்பாலும் ஒரே ஒரு பிரதியுள்ள ஆவணம். ஆகவே, கைசேதப்பட்டு நிற்காமல் இதைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்வது ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவசியமாகும்.

மணியோசையுடன் ஓடிவந்த தபால்

கி.பி. 1333-இல் சிந்து நதிக்கரையை அடைந்த மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, முஹம்மது பின் துக்ளக்கின் ஆட்சியில் நடைபெற்ற தபால் முறையைத் தம் பயண நூலில் வியந்து எழுதியிருக்கிறார். குதிரைத் தபால் ஒன்றும் கால்நடைத் தபால் ஒன்றுமாக இருவகை இருந்தன. கால்நடைத் தபாலில் ஒவ்வொரு மைலுக்கும் மூன்று நிலையங்கள் உண்டு. தபாலோட்டி ஒரு கையில் கடிதத்தையும், மறு கையில் செம்பு மணிகள் கட்டிய கோலையும் ஏந்தி முழு வேகத்தில் ஓடிவருவார். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையத்தில் இருப்பவர் ஆயத்தமாகி, கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்குவார்.

இந்த முறையில் ஒரு நுட்பம் உண்டு. கடிதம் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு நேரடியாக மாறியது. எந்த இடத்தில் எவரிடம் இருந்தது என்பது எப்போதும் தெரிந்திருந்தது. அரபு மொழியில் தபாலுக்கு "பரீத்" என்று பெயர். வளைகுடா நாடுகளில் பணிபுரிந்தவர்கள் அங்குள்ள அஞ்சலகப் பலகைகளில் இன்றும் இச்சொல்லைக் கண்டிருப்பீர்கள்.

இன்றைய தபாலிலும் அதே நுட்பம்தான் நம்மைக் காக்கிறது. கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் பதிவு செய்யப்படும் கடிதத்தைத் தேடிப் பிடிக்கலாம். பதிவே இல்லாத கடிதத்தைத் தேடுவது கடினம். சாதாரணத் தபாலுக்கும் விரைவு அஞ்சலுக்கும் உள்ள வேறுபாடு வேகத்தில் மட்டும் இல்லை. தடயம் இருப்பதும் இல்லாமற்போவதுமே முக்கியமான வேறுபாடு.

கடிதம் ஏன் வழி தவறுகிறது?

"தபால்காரர் தொலைத்துவிட்டார்" என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், பல வேளைகளில் கடிதம் வழி தவறுவதற்கான காரணம் உறையின் மேலேயே எழுதப்பட்டிருக்கும்.

முதற்காரணம் அஞ்சல் குறியீட்டு எண். 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்த இந்த ஆறு இலக்க எண்ணின் முதல் இலக்கம் மண்டலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் அது 6. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதம் பிரிக்கப்படும் மாவட்டத்தையும், இறுதி மூன்று இலக்கங்கள் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தையும் காட்டும். கீழக்கரைக்கு 623517, காயல்பட்டினத்துக்கு 628204, நாகூருக்கு 611002. முதல் மூன்றில் ஓர் இலக்கம் மாறினால் கடிதம் வேறு மாவட்டத்துக்கே போய்விடும். இறுதி மூன்றில் மாறினால் பக்கத்து ஊரில் அலையும்.

இரண்டாவது காரணம் நம் பெயர்கள். ஒரே தெருவில் நான்கு முஹம்மது இப்ராஹீம்களும், மூன்று ஃபாத்திமாக்களும் வாழும் ஊர்கள் நம்முடையவை. தந்தையின் பெயரும் வீட்டு எண்ணும் இல்லாத கடிதத்தைத் தபால்காரர் எவரிடம் கொடுப்பார்? ஊரில் வழங்கும் வீட்டுப் பெயரையும் பட்டப் பெயரையும் பழைய தபால்காரர் அறிந்திருந்தார். மாற்றலாகி வந்த புதியவர் அறியமாட்டார். ஆங்கிலத்தில் எழுதும்போது "முஹம்மது" என்ற ஒரே பெயர் நான்கைந்து விதமாக எழுத்துக்கூட்டப்படுகிறது. பாஸ்போர்ட் போன்ற ஆவணங்களில், உறையிலுள்ள பெயரும் கையிலுள்ள அடையாள அட்டையின் பெயரும் மாறுபட்டால் கடிதத்தை ஒப்படைப்பதிலேயே தடை ஏற்படலாம்.

மூன்றாவது காரணம் நம் கடற்கரை ஊர்களுக்கே உரியது. மணமான பின் மாப்பிள்ளை பெண் வீட்டில் வாழும் வழக்கம் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் உண்டு. அவருடைய ஆவணங்களில் தாய்வீட்டு முகவரி இருக்கும். அவர் இருப்பதோ மனைவியின் வீட்டில். தாய்வீடு பூட்டியிருந்தால், அல்லது அங்கிருப்பவர் "அவர் இங்கே இல்லை" என்று ஒரு சொல் சொல்லிவிட்டால், கடிதம் திரும்பிப் போய்விடும். ஆகவே, எந்த முகவரியில் உண்மையில் ஆள் இருப்பாரோ அந்த முகவரியையே விண்ணப்பங்களில் தொடர்பு முகவரியாகத் தருவது நல்லது. வீடு மாறியவர்கள் பழைய பகுதி அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிக் கொடுத்து, கடிதங்களைத் திருப்பியனுப்பக் கோரலாம்.

நான்காவதாக, தபால்தலைக் குறைவு. போதிய தபால்தலை ஒட்டாத கடிதத்துக்குப் பெறுபவரிடம் குறைவுத் தொகையைப் போல் இரு மடங்கு கேட்கப்படும். அவர் மறுத்தால் கடிதம் திரும்பும். இவற்றோடு மழையில் கரையும் மை, பெரிய உறைகளின் வாய்க்குள் நழுவி விழுந்துவிடும் சின்னஞ்சிறு உறை, ஒட்டாமல் விட்ட மடிப்பு ஆகியவையும் சேரும்.

உறையில் அனுப்புநர் முகவரி இல்லாமையே பெருங்குறை

பட்டுவாடா செய்ய முடியாத கடிதம், உறையின் மேல் அனுப்புநர் முகவரி இருந்தால் நேராக அவரிடமே திரும்பி வந்துவிடும். முகவரி இல்லையேல், அது திரும்பிய கடிதங்களுக்கான தனி அலுவலகத்துக்குச் செல்லும். முற்காலத்தில் இதனை "செத்த கடித அலுவலகம்" என்ற பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். அதற்கென அதிகாரம் பெற்ற ஊழியர்கள் அங்கே உறையைத் திறந்து, உள்ளே முகவரி ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் அனுப்பியவரிடம் சேர்ப்பார்கள். இல்லையெனில் குறித்த காலம் வரை வைத்திருந்து அழித்துவிடுவார்கள்.

தொலைந்துவிட்டதாக நாம் கருதும் கடிதங்களுள் சில, இவ்வாறு உரியவரைத் தேட வழியின்றி ஓரிடத்தில் கிடப்பவையே. எனவே உறையின் மேல் ஒருமுறையும், உள்ளே இருக்கும் தாளில் ஒருமுறையும் உங்கள் முகவரியை எழுதுங்கள். ஒரு நிமிட வேலைதான்; பல மாத அலைச்சலைத் தவிர்க்கும்.

அனுப்பும்போதே செய்ய வேண்டிய தெரிவு

1986 ஆகஸ்ட் 1 அன்று ஸ்பீடு போஸ்ட் என்னும் விரைவு அஞ்சல் தொடங்கப்பட்டது. அதற்கும் முன்பிருந்தே, நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக வழங்கிவந்த பதிவுத் தபாலை 2025-ஆம் ஆண்டில் அஞ்சல் துறை விரைவு அஞ்சலுடன் இணைத்துவிட்டது. "ரிஜிஸ்டர் தபாலே போய்விட்டதே!" என்று பெரியவர்கள் வருந்த வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 1 முதல், விரைவு அஞ்சலிலேயே பதிவு வசதியைக் கூடுதலாக 5 ரூபாயும் வரியும் செலுத்திப் பெறலாம். அப்படிச் செலுத்தினால் பெயருக்குரியவரிடமோ அவர் அதிகாரம் அளித்தவரிடமோ மட்டுமே கடிதம் ஒப்படைக்கப்படும். பெறுபவரின் கைப்பேசிக்கு வரும் இரகசிய எண்ணைச் சொன்னால் மட்டும் கொடுக்கும் வசதிக்கும் அதே 5 ரூபாய்தான். 50 கிராம் வரையுள்ள விரைவு அஞ்சலுக்கு உள்ளூர்க் கட்டணம் 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய், வரி தனி.

தபாலில் போட்டதற்கு மட்டும் முத்திரையிட்டுச் சான்று தரும் பழைய முறையைப் பலர் நினைவில் வைத்திருக்கிறீர்கள். அது 2011-இல் நிறுத்தப்பட்டது. ஆகவே, அனுப்பியதற்கு ஆதாரம் வேண்டுமெனில் விரைவு அஞ்சலே வழி.

இன்னொன்றையும் மறவாதீர்கள். உறைக்குள் ரூபாய் நோட்டுகளை வைத்து அனுப்புவது தவறு. பணமோ நகையோ அனுப்புவதாயின் காப்பீடு செய்துதான் அனுப்ப வேண்டும். பெருநாள் செலவுக்கென்று சாதாரண உறையில் நோட்டை மடித்து வைத்து, அது சேரவில்லை என்று புகார் செய்தால், அப்புகாருக்கு வலுவிராது. மின்னணு மணியார்டர் இருக்கிறது. வங்கி வழியும் இருக்கிறது.

மூலச் சான்றிதழ்களை இயன்றவரை தபாலில் அனுப்பாதீர்கள். அனுப்பியே தீர வேண்டுமெனில், முதலில் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள்.

சேரவில்லை என்று தெரிந்ததும்

முதல் வேலை ரசீதைத் தேடி எடுப்பது. விரைவு அஞ்சல் ரசீதில் பதின்மூன்று குறிகள் கொண்ட எண் இருக்கும்: தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள், நடுவில் ஒன்பது இலக்கங்கள், இறுதியில் இந்தியாவைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். இந்த எண்ணை அஞ்சல் துறையின் இணையதளத்தில் இட்டால், கடிதம் எந்த நாளில், எந்த ஊரில், எந்த அலுவலகத்தில் இருந்தது என்பது வரிசையாகத் தெரியும். இணையம் அறியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிப் பார்க்கலாம், அஞ்சலகத்திலும் கேட்கலாம்.

அங்கே காணப்படும் குறிப்பு எதுவென்று கவனியுங்கள். செய்ய வேண்டியது அதைப் பொறுத்தே அமையும்.

"கதவு பூட்டியிருந்தது" என்றிருந்தால், கடிதம் உங்கள் பகுதி அஞ்சலகத்தில்தான் இருக்கிறது. பொதுவாக ஏழு நாட்கள் வைத்திருந்து பிறகு திருப்பியனுப்புவார்கள். அடையாள அட்டையுடன் உடனே சென்றால் பெற்றுக்கொள்ளலாம்.

"முகவரி போதவில்லை" அல்லது "ஆள் இல்லை" என்றிருந்தால், கடிதம் திரும்பும் வழியில் இருக்கிறது. அனுப்பியவரிடம் சொல்லித் திருத்திய முகவரிக்கு மீண்டும் அனுப்பச் செய்யுங்கள். பாஸ்போர்ட் இவ்வாறு திரும்பினால் அதை வழங்கிய பாஸ்போர்ட் அலுவலகத்துக்கே போய்ச் சேரும். அது தொலைந்துவிட்டதாக எண்ணிப் புதிதாக விண்ணப்பிக்க விரைய வேண்டாம். அந்த அலுவலகத்தை அணுகுங்கள்.

"ஒப்படைக்கப்பட்டது" என்றிருந்தும் உங்கள் கைக்கு வரவில்லையெனில், வீட்டிலுள்ள பிள்ளைகளிடமும் பக்கத்து வீடுகளிலும் முதலில் விசாரியுங்கள். வாங்கிய பெண்மணி அலமாரியில் வைத்து மறந்திருக்கலாம். அதன் பின் அஞ்சலகம் சென்று, எவர் கையொப்பமிட்டு வாங்கினார் என்று கேளுங்கள். அதனைக் காட்டும்படி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எந்தக் குறிப்பும் பல நாட்களாக மாறாமல் ஓர் ஊரிலேயே நின்றிருந்தால், அந்த ஊரின் பெயரையும் நாளையும் குறித்துக்கொண்டு புகார் செய்யுங்கள். தேட வேண்டிய இடத்தை நீங்களே சுட்டிக்காட்டியவர் ஆவீர்கள்.

சாதாரணத் தபாலாயின் ஒரு வாரம் பத்து நாள் பொறுத்துப் பார்த்து, பிறகு பட்டுவாடா அஞ்சலகத்தில் விசாரியுங்கள். அந்தக் கடிதம் கிடைக்காமற்போனாலும் எழுத்தில் கொடுத்த புகார் வீணாகாது. ஒரே தெருவிலிருந்து பல புகார்கள் வந்தால் குறை எங்கே என்பது மேலதிகாரிகளுக்குப் புலப்படும். சோதனைக் கடிதங்களை அனுப்பிப் பார்க்கும் வழக்கமும் துறையில் உண்டு.

புகார் செய்யும் படிகள்

வாய்மொழியாகக் கோபித்துக்கொண்டு திரும்புவதால் பயனில்லை. முதலில் அஞ்சலக அதிகாரியிடம் எழுத்தில் கொடுங்கள். அத்துடன் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800 266 6868-இலோ இணையதளத்திலோ புகாரைப் பதிந்து, தரப்படும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். பதில் திருப்தியளிக்காவிட்டால் அஞ்சல் கோட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அதற்கும் மேலே, தமிழ்நாட்டில் சென்னை, திருச்சி, மதுரை, கோவை ஆகிய நான்கு மண்டலங்களுக்கும் அஞ்சல்துறைத் தலைவர்கள் இருக்கிறார்கள். "டாக் அதாலத்" எனப்படும் அஞ்சல் குறைதீர் முகாம்களும் நடத்தப்படுகின்றன. நாளிதழ் அறிவிப்பைப் பார்த்து, குறித்த தேதிக்குள் உங்கள் முறையீட்டை அனுப்பிவைக்கலாம். எதற்கும் பதிலில்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, அக்கடிதம் எவர் பொறுப்பில், எந்த நாளில், என்ன ஆயிற்று என்று கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

புகார் எவ்வாறு அமைய வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி இதோ:

"ஐயா, ........ தேதியன்று ........ அஞ்சலகத்திலிருந்து ........ என்ற எண்ணுள்ள விரைவு அஞ்சலைக் கீழ்க்காணும் முகவரிக்கு அனுப்பினேன். அதில் ........ இருந்தது. ........ தேதிக்குப் பிறகு அதன் நிலை தெரியவில்லை. பெறுபவருக்குச் சேரவில்லை என்பதை அவர் உறுதி செய்கிறார். கடிதத்தைக் கண்டறிந்து ஒப்படைக்கவும், இயலாவிடில் தொலைந்தது என்பதை எழுத்தில் தெரிவித்து விதிப்படியான இழப்பீட்டை வழங்கவும் வேண்டுகிறேன். ரசீதின் நகல் இணைக்கப்பட்டுள்ளது."

இம்மாதிரியில் ஒரு வரியைக் கவனியுங்கள்: "தொலைந்தது என்பதை எழுத்தில் தெரிவித்து." அந்த எழுத்துப் பதில், இழப்பீட்டுத் தொகையைவிட உங்களுக்குப் பயன்படும். மாற்று ஆவணம் கேட்டுச் செல்லும் இடத்திலெல்லாம் அதுவே சான்றாகும். மூல ரசீதை எவரிடமும் கொடுத்துவிடாதீர்கள், நகலையே கொடுங்கள்.

இழப்பீட்டைப் பற்றிப் பெரிய நம்பிக்கை கொள்ள வேண்டாம். 1898-ஆம் ஆண்டின் அஞ்சலகச் சட்டம் அஞ்சல் துறையைப் பெரும்பாலான பொறுப்பிலிருந்து விடுவித்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூன் 18 அன்று நடைமுறைக்கு வந்த 2023-ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அதே நிலையையே கொண்டிருக்கிறது. விதிகளில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவுக்கு மட்டுமே துறை பொறுப்பேற்கும். ஊழியர் மோசடியாகவோ வேண்டுமென்றோ இழப்பு விளைவித்திருந்தால் அவர் மீது பொறுப்பு உண்டு. விரைவு அஞ்சல் தொலைந்தால் கட்டணத்தைப் போல் இரு மடங்கு அல்லது 1,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது என்பது நெடுங்காலம் வழங்கிவந்த அளவு. உள்ளே இருந்த பொருளின் மதிப்புக்கு ஈடு வேண்டுமெனில் அனுப்பும்போதே காப்பீடு செய்வதே வழி.

உள்ளே இருந்தது என்ன?

கடிதத்தைத் தேடும்போதே, உள்ளே இருந்த பொருளால் தீங்கு விளையாமல் தடுக்க வேண்டும். இவ்விரண்டில் பின்னதே அவசரமானது.

காசோலையாயின் வங்கிக்கு அன்றே தெரிவித்து, பணம் கொடுப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். 2012 ஏப்ரல் 1 முதல் காசோலைக்கு மூன்று மாத ஆயுள்தான் என்றாலும், மூன்று மாதம் என்பது மோசடிக்குப் போதுமான காலமே. வங்கி வரைவோலை தொலைந்தால், அதை எடுத்த வங்கிக் கிளையில் விண்ணப்பித்து இரண்டாம் பிரதி பெறலாம். விண்ணப்பம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் அது வழங்கப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நெறி. ஏ.டி.எம். அட்டை வந்து சேரவில்லையெனில் வங்கிக்குச் சொல்லி அதனை முடக்கி, புதியது கேளுங்கள்.

ஆதார், பான் அட்டைகளைப் பற்றிக் கலங்க வேண்டியதில்லை. அவற்றை இணையத்தில் மின்னணு வடிவில் எடுத்துக்கொள்ளலாம், அவையும் செல்லத்தக்கவையே.

பள்ளி மதிப்பெண் சான்றிதழோ பிற அடையாள ஆவணமோ தொலைந்தால், தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் ஆவணம் தொலைந்ததற்கான அறிக்கையைப் பதிவு செய்து பெறலாம். பின்னர், படித்த பள்ளியின் தலைமையாசிரியரை அணுகினால், அரசுத் தேர்வுகள் இயக்ககத்தில் இரண்டாம் பிரதி பெறும் வழியைக் காட்டுவார். நிலப் பத்திரமாயின் அது பதிவான சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றளிக்கப்பட்ட நகல் கிடைக்கும். நிக்காஹ் சான்றுக்கு உங்கள் மஹல்லாவின் பதிவேடே மூலம். ஜமாஅத் நிர்வாகத்திடம் மீண்டும் கேட்டுப் பெறலாம்.

நேர்முகத் தேர்வு அழைப்பு, நியமன ஆணை ஆகியவை வரும் என்று எதிர்பார்க்கும் பிள்ளைகள் தபாலை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் இணையதளத்தையும் தம் மின்னஞ்சலையும் அன்றாடம் பார்த்துவர வேண்டும். கெடு தேதி கடந்த பின், "தபால் வரவில்லை" என்ற காரணம் எல்லா இடங்களிலும் ஏற்கப்படுவதில்லை.

கடல் கடந்த கடிதங்கள்

வெளிநாட்டுக் கடிதம் தொலைந்தால் எந்த நாட்டில் புகார் செய்வது? அனுப்பிய நாட்டில்தான். 1874-இல் தோன்றிய உலக அஞ்சல் ஒன்றியத்தில் இந்தியா 1876 முதல் உறுப்பு நாடு. அதன் நெறிப்படி, அனுப்பியவர் தம் நாட்டு அஞ்சலகத்தில் கொடுக்கும் விசாரணை மனு மறு நாட்டு அஞ்சல் துறைக்குச் செல்லும். கடிதம் அனுப்பிய நாளுக்கு மறுநாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஜித்தாவிலிருந்து மகன் அனுப்பியது வரவில்லையெனில், ரசீதுடன் அவரே அங்கு விசாரிக்கட்டும். நீங்கள் அனுப்பியது அங்கே சேரவில்லையெனில், இங்கே நீங்கள் விசாரியுங்கள்.

வளைகுடா நாடுகளில் தபால்பெட்டி எண்தான் நெடுங்காலமாக முகவரியின் உயிர். கட்டடப் பெயரையும் தெருவையும் விரிவாக எழுதிவிட்டு அந்த எண்ணை விட்டுவிட்டால் கடிதம் திண்டாடும். சவூதி அரேபியாவில் இப்போது நான்கு எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட சுருக்க முகவரியும் வழங்குகிறது. பிள்ளையிடம் அதைக் கேட்டு எழுதி வையுங்கள். நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் கடைசி வரியில் தெளிவாக எழுதுங்கள்.

வாங்க மறுத்தால் வழக்கு ஓயாது

இவ்விடத்தில் பலரும் செய்யும் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். வக்கீல் நோட்டீஸ், நீதிமன்றக் கடிதம் என்று தெரிந்ததும், "ஆள் ஊரில் இல்லை என்று சொல்லிவிடு" என்று பிள்ளைகளிடம் சொல்லியனுப்பும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. வாங்காவிட்டால் வழக்கு நிற்கும் என்பது அவர்கள் எண்ணம். உண்மை அதற்கு நேர்மாறானது.

சரியான முகவரியிட்டு, கட்டணம் செலுத்திப் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட கடிதம் உரியவருக்குச் சேர்ந்ததாகவே, மறுப்புக்கு ஆதாரம் காட்டப்படாத வரை, சட்டம் கருதும். 1897-ஆம் ஆண்டின் பொது வாசகங்கள் சட்டத்தின் 27-ஆவது பிரிவு இவ்வாறு கூறுகிறது. காசோலை வழக்கொன்றில் 2007-இல் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. "வாங்க மறுத்தார்" என்று எழுதித் திரும்பிய உறை உங்களுக்கு எதிரான சாட்சியாக மாறிவிடும். காசோலை திரும்பிய விவகாரத்தில் அறிவிப்புக்குப் பின் பணம் செலுத்தப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. கடிதத்தை வாங்காதவர் அந்த அவகாசத்தையே இழக்கிறார். குடும்ப வழக்கிலோ சொத்து வழக்கிலோ உங்கள் பக்க நியாயம் கேட்கப்படாமலே தீர்ப்பு வந்துவிடக்கூடும். கடிதத்தை வாங்குங்கள், வாங்கிய நாளைக் குறித்து வையுங்கள், விவரம் அறிந்தவரிடம் காட்டுங்கள். அச்சம் தரும் கடிதமே உங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் கடிதமாகவும் இருக்கலாம்.

பிறர் கடிதம் உங்கள் வீட்டுக்கு வந்தால்

இதுவரை நம் கடிதம் தொலைந்தால் என்ன செய்வது என்று பார்த்தோம். பிறருடைய கடிதம் நம் வீட்டில் வந்து விழுந்தால்? ஒருவர் தேடித் தவிக்கும் கடிதம் இன்னொருவர் வீட்டு மாடத்தில் தூசு படிந்து கிடப்பது நாம் காணாத காட்சி அல்ல. அதே பெயர், அதே தெரு என்பதால் தபால்காரர் தவறுதலாகக் கொடுத்திருப்பார். "அவர்களோடு நமக்குப் பேச்சில்லை" என்றோ, "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றோ அதை வைத்துவிடுகிறோம்.

பிறர் பொருள் நம் கைக்கு வந்த நொடியிலிருந்து அது அமானிதம். நம் வீடுகளில் குழந்தைக்கும் புரிந்த சொல் இது. கடிதத்தில் இருப்பது ஒரு தாளாக இருக்கலாம். அது ஓர் ஏழைப் பெண்ணின் உதவித்தொகைக் கடிதமாகவோ, ஓர் இளைஞனின் வேலையாகவோ இருக்கலாம். அவ்வாறு வந்த கடிதத்தைத் திறவாமல், "இம்முகவரிக்கு உரியதன்று" என்று எழுதித் தபால்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அல்லது உரியவர் வீட்டில் நேரில் சேர்த்துவிடுங்கள். அறியாமல் திறந்துவிட்டால், "தவறுதலாகத் திறக்கப்பட்டது" என்று எழுதிக் கையொப்பமிட்டு, மீண்டும் ஒட்டிக் கொடுங்கள். படித்ததை எவரிடமும் சொல்லாதீர்கள்.

வாசகர்களே! இந்த மாதம் ஓய்வுள்ள ஒரு நாளில் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். உங்கள் முகவரியைச் சரியான குறியீட்டு எண்ணுடன் எழுதி, பிள்ளைகளுக்கு மனப்பாடமாக்குங்கள். வீட்டு வாசலில் பெயரும் கதவு எண்ணும் தெளிவாகத் தெரியும்படி எழுதி வையுங்கள். பூட்டக்கூடிய சிறிய தபால்பெட்டி ஒன்றையும் மாட்டுங்கள். அஞ்சல் ரசீதுகளைப் போட்டு வைக்க ஓர் உறையை ஒதுக்குங்கள். பெரிய செலவு ஏதுமில்லை. இம்மூன்றும் இருந்தால், நாளை ஒரு கடிதம் வழி தவறினாலும் அதைத் தேடிச் செல்லும் வழி உங்கள் கையில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.